லைட்டுக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்

எங்கள் வீட்டில் கார் ஷெட் உண்டு, கார் இருந்ததே இல்லை. வீடு கட்டும்போது, என்றைக்காவது ஒரு கார் வாங்காமலா போய்விடுவோம் என்று என் மனைவிதான் இடம் விடச் சொன்னாள். அந்த இடத்தில் நான் இரும்பு கடையும் லேத் மிஷின் ஒன்றைக் கொண்டு வந்து இறக்கினேன். நாங்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். என்னைத் திட்டுவதற்கு மட்டும் அவள் தமிழுக்கு வருவாள், நாலு பேருக்குக் கேட்கட்டும் என்று. லேத் இறங்கிய அன்று முழுக்கத் தமிழ்தான்.

நான் ஒரு நூல் மில்லில் முப்பது வருடம் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தவன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் புதிதாகக் காயில் கட்டுவது என் வேலை. மில்லை மூடி எங்களை அனுப்பியபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. சும்மா உட்காரத் தெரியாது. போத்தனூரில் யாரோ பட்டறையைக் கலைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், அங்கே கிடந்த ஆறடி லேத்தை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பம்ப்செட்டுக்குப் புஷ் வளையம் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பிடித்துக்கொள்ளலாம் என்பது யோசனை.

லேத்தின் மோட்டார் மூன்று எச்.பி. அது ஓடத் த்ரீ பேஸ் கரண்ட் வேண்டும், அதாவது மூன்று லைன். எங்கள் வீட்டுக்கு வருவது ஒரே ஒரு லைன். முறைப்படி செய்வதென்றால் ஈ.பி. ஆபீசில் எழுதிக்கொடுத்துத் தொழிலுக்கென்று தனி சர்வீஸ் வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை. அலைச்சல், செலவு என்று கேட்டவர்களிடம் காரணம் சொன்னேன். உண்மையில் கருமித்தனம் பாதி, கர்வம் பாதி. ஒரு லைனை வைத்துக்கொண்டே மூன்று லைன் மிஷினை ஓட்டிக் காட்டுகிறேன் பார் என்ற கர்வம்.

அது ஒன்றும் மாயமில்லை. பெரிய த்ரீ பேஸ் மோட்டார் ஒன்றை எந்த வேலையும் கொடுக்காமல் சும்மா சுழலவிட்டால், இல்லாத லைன்களை அது உண்டாக்கிக் கொடுக்கும். காயலான் கடையில் ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்றை எடுத்து, வீட்டுக் கரண்டுக்குத் தகுந்தபடி நானே காயில் கட்டினேன். கிளப்பிவிட நாலைந்து கெப்பாசிட்டர். லேத் மோட்டாரையும் அதற்கேற்ப மாற்றினேன். பலகையில் ஒரு வோல்ட்மீட்டர் வைத்தேன். மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் அடிக்கடி போனது. கம்பியைத் தடிமனாகப் போட்டேன். தப்பென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மில்லில் யாராவது அப்படிப் போட்டிருந்தால் நானே கத்தியிருப்பேன்.

லேத் ஓடியது. மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர் பார்க்க வந்தார்கள். ஒருவர், "கில்லாடிங்க நீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் நிமிர்ந்து நடந்தேன். ரீடிங் எடுக்க ஆள் வரும் நாட்களில் மட்டும் என் மனைவி துவைத்த சேலைகளை லேத்தின் மேல் காயப்போடுவாள். திட்டிக்கொண்டேதான் போடுவாள், ஆனால் போடுவாள்.

இதில் வீட்டுக் கரண்டில் தொழில் நடத்திய குற்றம் ஒன்று. அதைச் சொல்ல நான் இதை எழுதவில்லை. என் மிஷினால் பக்கத்து வீட்டு மருமகள் இரண்டு வருடம் செய்யாத தப்புக்குப் பழி சுமந்தாள். அவள் மேல் பழி விழ வாய் திறந்து பேசியவன் நான்.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவர். மகன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில் இருப்பார். மருமகள் தாராபுரம் பக்கத்துப் பெண். ப்ளஸ் டூ வரை படித்தவள், கெட்டிக்காரி. கல்யாணமாகி வந்த வருடமே, வீட்டில் சும்மா இருப்பானேன் என்று இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தவள் அவள்தான். மாமியாரைப் பேசிச் சம்மதிக்க வைத்து, ஒரு எச்.பி. மோட்டார் வைத்த பெரிய டில்டிங் கிரைண்டர் வாங்கி, ஜங்ஷன் பக்கத்தில் இருந்த ஒரு மெஸ்ஸுக்குத் தினமும் மாவு கொடுக்கும்படி செய்துவிட்டாள். தெருவில் பேச்சே அதுதான். எங்கள் வீட்டிலும் அவள் மாவில்தான் இட்லி.

மத்தியானம் மூன்று மணிக்கு அவர்கள் கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும். அந்த நேரத்தில்தான் நானும் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்து லேத்துக்கு வருவேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பத்திலிருந்து, ஒரே லைனில் கரண்ட்.

நான் உளியை ஆழமாகக் கொடுத்தால் என் வோல்ட்மீட்டரின் முள் இருநூற்றுக்குக் கீழே இறங்கும். அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டரின் சத்தமும் இறங்கும். நான் உளியை எடுத்தால் அது மறுபடி ஏறும். முப்பது வருடம் மோட்டார் சத்தத்திலேயே இருந்த காது இது. எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் தடியான ஷாஃப்ட் ஒன்று வேலைக்கு வந்திருந்தது. வெயில் காலம், ஏற்கெனவே வோல்டேஜ் குறைவு. ஆழமாகக் கட் கொடுத்தேன். முள் நூற்றெழுபதுக்கும் கீழே போய் அங்கேயே நின்றது. பக்கத்து வீட்டுக் கிரைண்டர் முனகியது. இன்னும் இரண்டு கட் போட்டால் வேலை முடிந்துவிடும், பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டாவது கட் பாதியில் இருக்கும்போது சுவரைத் தாண்டி, மோட்டார் காயிலில் பூசியிருக்கும் வார்னிஷ் கருகும் வாசனை வந்தது. அந்த வாசனை எதுவென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடனே லேத்தை நிறுத்தினேன்.

சற்று நேரத்தில் அக்கா கேட்டில் வந்து நின்றார். "ஏனுங்க தம்பி, சித்தெ வாங்க. கிரைண்டரு பொகைஞ்சு நின்னு போச்சுங்க."

போனேன். மோட்டாரைக் கழற்றி எங்கள் ஷெட்டுக்குக் கொண்டு வந்து பிரித்தேன். மாமியாரும் மருமகளும் கூடவே வந்து நின்றார்கள். மருமகள் கையில் மாவு அப்படியே இருந்தது.

இந்த மாதிரி மோட்டாருக்குள் இரண்டு காயில் உண்டு. எப்போதும் வேலை செய்வது ஒன்று. கிளப்பிவிட மட்டும் இருப்பது இன்னொன்று. மோட்டார் வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கும் ஒரு சுவிட்ச் அதைக் கழற்றிவிடும். வோல்டேஜ் விழுந்து மோட்டார் திணறினால் அந்த சுவிட்ச் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒரு சில விநாடிக்கென்று கட்டிய மெல்லிய காயில் தொடர்ந்து கரண்ட் வாங்கிக் கருகிவிடும். நான் மூடியைத் திறந்தபோது பெரிய காயில் புதுச் செம்பாகப் பளபளத்தது. கிளப்பிவிடும் காயில் மட்டும் கரி. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அளவுக்கு மீறி அரிசி போட்டு மோட்டார் திணறினாலும் இதே காயில்தான் கருகும். அந்தச் சின்ன இடுக்கில் நான் ஒளிந்துகொண்டேன்.

"ஓவர்லோடுங்க அக்கா" என்றேன். "அரிசி ஜாஸ்தி போட்டிருக்குது."

அக்கா மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள், "அளந்துதானுங்க போட்டேன். தினமும் போடற அதே அளவுதான்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி என்னிடம் கேட்டாள்: "மாமா, தெரியாமத்தான் கேக்கறேனுங்க. உங்க மிஷின் ஓடறப்ப எங்கூட்டு டியூப்லைட்டு மங்குதுங்க. கிரைண்டரும் அந்நேரந்தான் மொனகுது. அதுனால ஏதாச்சும் இருக்குமுங்களா?"

என் வீட்டில், என் லேத்துக்கு முன்னால் நின்று, என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்திருந்ததை அந்தப் பெண் வெறும் டியூப்லைட்டைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

"அம்மணி, லைட்டுக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்? அரிசிய அளவாப் போட்டா கிரைண்டரு எதுக்கு மொனகப்போகுது?"

அக்காவும் சிரித்தார். "கேட்டுக்கிட்டயா? முப்பது வருசம் மில்லுல மோட்டாரோடயே கெடந்தவரு சொல்றாரு. உனக்கு லைட்டு மங்குதாம், லைட்டு!"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. கணக்கு சரியாக வந்தும் வாத்தியார் தப்பென்று அடித்துவிட்டால் பிள்ளைகள் பார்க்குமே, அப்படி ஒரு பார்வை. பிறகு கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

காயிலை நானே கட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அக்கா கண் கலங்கிப் போனார். தெரு முழுக்க என் பெருமையைப் பேசினார். அந்தப் பெருமையோடு சேர்ந்து இன்னொன்றும் தெருவில் போனது: மருமகள் கண்மண் தெரியாமல் அரிசியைக் கொட்டி மோட்டாரை எரித்துவிட்டாள் என்பது.

அதற்குப் பிறகு கிரைண்டர் பக்கம் அவளை அக்கா விடவில்லை. தானே அரைத்தார், பாதி அளவு போட்டு, இரண்டு மடங்கு நேரம். மருமகளுக்குப் பாத்திரம் கழுவுவதும் மாவைப் பையில் கட்டுவதும் மிச்சம். நேரத்துக்கு மாவு போகாததால் மெஸ்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். அதற்கும் காரணம் அவள்தான் என்று ஆனது. "அவ கையி ராசியில்லாத கையிங்க தம்பி" என்று அக்கா என்னிடமே சொன்னார். நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டினேனா என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒன்று மட்டும் செய்தேன். ஆழமாகக் கட் கொடுக்கும் வேலைகளையெல்லாம் காலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன், அவர்கள் அரைக்காத நேரமாகப் பார்த்து. அப்போது அதை ஒரு நல்ல காரியமாக நினைத்தேன். இப்போது யோசித்தால் அதைவிடப் பெரிய ஒப்புதல் வேறில்லை. தெரியாதவன் எதற்காக நேரத்தை மாற்ற வேண்டும்?

மோட்டார் எரிந்த அந்த மாதமே அவளுடைய அப்பா தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். சம்பந்தியம்மா போன் போட்டுக் குறை சொல்லியிருக்கிறார். மெலிந்த மனிதர், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. தோட்டத்து முருங்கைக்காய் இரண்டு கட்டு கொண்டு வந்திருந்தார். ஒன்று சம்பந்தி வீட்டுக்கு. இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஷெட்டுக்கு வந்தார்.

"புள்ள தெரியாமப் பண்ணிப்போட்டாளுங்க. நீங்க பாத்து காசு வாங்காம செஞ்சு குடுத்தீங்களாமா. மறக்க மாட்டேனுங்க" என்று என் முன்னால் கை கூப்பினார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது என்றெல்லாம் எழுத ஆசைதான், வரவில்லை. "அட, அதுக்கென்னங்க" என்று சொல்லி முருங்கைக்காயை வாங்கிக்கொண்டேன். அன்று எங்கள் வீட்டில் முருங்கைக்காய் சாம்பார். நல்ல சதைப்பிடிப்பான காய். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்து, "ஏமிட்டி?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அன்று எந்த மிஷினும் ஓடாது. கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரி கடலையோடு கும்பிடுவோம். லேத்துக்கு வைத்து முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா கூப்பிட்டார். "தம்பி, எங்க கிரைண்டருக்கும் உங்க கையால சந்தனம் வெச்சுப்போடுங்க. உங்க கையி ராசியான கையி."

முந்தின வருடம் வரை அந்தக் கிரைண்டருக்குச் சந்தனம் வைத்தவள் மருமகள். அன்று அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நான் தட்டிலிருந்து சந்தனத்தைத் தொட்டு, நான் எரித்த மோட்டாருக்கே பொட்டு வைத்தேன். தட்டு என் பக்கமாக நீளும், விலகும். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் கேவலம்.

இப்படியே இரண்டு வருடம். பயம் என்பது நாளாக நாளாகக் குறைகிற சாமான். போன ஆடி மாதம் ஒருநாள் ஒரு வேலை அவசரமாக வந்தது. காலையில் முடியவில்லை. மத்தியானம் உட்கார்ந்து கட் கொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இறங்கியது காதில் விழுந்தது. அரை அளவுதானே போடுகிறார்கள், தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாங்கவில்லை. மறுபடி அதே வாசனை.

அக்கா வந்தார். இந்த முறை கேட்டில் நின்று கூப்பிடவில்லை. ஓட்டமும் நடையுமாக உள்ளேயே வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, பாதிதானுங்க போட்டேன். நீங்க ஓவர்லோடுன்னு சொன்ன நாள்லருந்து அதே அளவுதான். எப்படிப் போச்சுன்னே தெரியலீங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "அவ ரேஷன் கடைக்குப் போயிருக்கறா. வர்றதுக்குள்ள பிரிச்சுப் பாருங்க. ரெண்டு வருசமா அவள வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டேன். இப்ப என்ற கையிலயே போயிருச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவகூட இருக்கறது? கம்பி பழசுன்னோ என்னமோ, உங்களுக்குத் தெரியாததா, எதையாச்சும் சொல்லி என்ற மேல வராமப் பண்ணிப்போடுங்க சாமி."

மோட்டாரைப் பிரித்தேன். பெரிய காயில் பளபளவென்று இருந்தது. சின்னக் காயில் கரி.

அந்த நிமிடம் எனக்கு எத்தனை சௌகரியமாக இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பொய் சொல்லுங்கள் என்று அவரே கேட்கிறார். கம்பி பழசு என்றால் அக்கா தப்பிப்பார், நானும் தப்பிப்பேன், என் கைராசியும் தப்பிக்கும். வாயைத் திறந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணில் அவ்வளவு பயம். செய்யாத தப்புக்குப் பயப்படும் முகம். இதே முகத்தோடு அந்தப் பெண் இரண்டு வருடம் பக்கத்து வீட்டில் சோறு தின்றிருக்கிறாள் என்று தோன்றியது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, உங்க மேல தப்பில்லீங்க. என்ற மிஷின்தான். அது ஓடுனா உங்கூட்டு வோல்டேஜ் எறங்கிப்போகுது. அதுலதான் காயில் கருகுனது."

அவர் முகத்தில் முதலில் ஒரு நிம்மதி வந்தது. நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். பிறகு கை அப்படியே நின்றது.

"அப்ப, மொதத் தடவை?"

"அதுவுந்தானுங்க."

"தெரியுமுங்களா உங்களுக்கு, அப்பவே?"

"தெரியுமுங்க."

அக்கா அங்கே கிடந்த டூல் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவ அன்னைக்கே கேட்டாளுங்களே தம்பி" என்றார். "இதே எடத்துல நின்னுதான் கேட்டா. நீங்க சிரிச்சீங்க. நானுஞ் சிரிச்சேன்." எழுந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். என் மனைவியும் வந்தாள். நான் பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்று அவளுக்குச் சந்தேகம். மருமகள் வாசல் குழாயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா முன்பே சொல்லிவிட்டார் போலிருக்கிறது, அவள் என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு எழுந்து நின்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வோல்ட்மீட்டர் முள்ளை, கருகிய காயிலை, காலைக்கு நேரத்தை மாற்றியதை. மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவளுக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

நான் முடித்ததும் அவள், "அப்ப லைட்டுக்கும் மோட்டாருக்கும் சம்பந்தம் இருக்குதுங்களா, மாமா?" என்றாள்.

"இருக்குது, அம்மணி."

"விடு கண்ணு" என்றார் அக்கா உள்ளிருந்து. "அவருதான் வந்து சொல்லிட்டாரே."

"என்றகிட்ட எதுக்குங்க சொல்றீங்க?" என்றாள் அவள். மாமியாருக்குத் திரும்பிப் பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தே சொன்னாள். "நான் அளந்து போட்டது எனக்குத் தெரியாதுங்களா? எங்கப்பாருகிட்டச் சொல்லுங்க. அவரு உங்களக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு. ரெண்டு வருசமா போன் பண்றப்பெல்லாம் பாத்து இருந்துக்க, அடுத்தவங்க சாமான ஒடச்சுப்போடாதேன்னு புத்தி சொல்றாரு." ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

அவர் எடுத்தார். யாரென்று சொன்னதும் குரலில் அத்தனை சந்தோசம். "நல்லா இருக்கறீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" நான் விஷயத்துக்கு வந்தேன். உங்கள் மகள் மேல் தப்பே கிடையாது, என் மிஷினால்தான் மோட்டார் எரிந்தது, நான்தான் மாற்றிச் சொன்னேன் என்றேன். இரண்டு முறை சொன்னேன். அவர் மெல்லச் சிரித்தார்.

"புள்ள அழுதாளுங்களா? அவ மனசு நோவுதுன்னு நீங்க பழிய உங்க மேல எடுத்துப் போட்டுக்கறீங்க. எனக்குப் புரியாதுங்களா? பெரிய மனசுங்க உங்களுக்கு."

"இல்லீங்க, நெசமாலுமே என்ற மிஷின்தான்—"

"செரிங்க, செரிங்க. மோட்டார எரிச்சவங்களா அத சும்மா கட்டிக் குடுப்பாங்க? அவ சின்ன வயசுலயே அப்படித்தானுங்க, அவசரக்குடுக்கை. நீங்கெல்லாம் பக்கத்துல இருக்கறதுனாலதான் நான் நிம்மதியாத் தூங்கறேன். பாத்து சூதானமா இருந்துக்கச் சொல்லுங்க அவள."

நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் என்னை இன்னும் உயரத்தில் தூக்கி வைத்தார். மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளே கை நீட்டிப் போனை வாங்கி அணைத்தாள். "மொதல்ல சொன்னதத்தானுங்க நம்புவாரு" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து மிச்சப் பாத்திரத்தைக் கழுவ உட்கார்ந்தாள்.

மறுநாளே சும்மா சுழலும் அந்த ஐந்து எச்.பி. மோட்டாரைக் கழற்றினேன். தொழில் சர்வீசுக்கு எழுதிக் கொடுத்தேன். சில மாதத்தில் மூன்று லைன் வந்தது. அதுவரை லேத் நின்றது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம், அவ்வளவு ஒன்றும் கஷ்டமாகவும் இல்லை. கிரைண்டருக்கு மறுபடி காயில் கட்டிக் கொடுத்தேன். என் பலகையில் இருந்த வோல்ட்மீட்டரைக் கழற்றி, அவர்கள் வீட்டில் கிரைண்டருக்கு மேலே சுவரில் மாட்டிவிட்டேன். கிரைண்டர் இப்போது மருமகள் கையில். முழு அளவு போட்டு அரைக்கிறாள். மெஸ்காரர் திரும்பி வரவில்லை. நான் லேத்தைப் போடும் சத்தம் கேட்டால் அவள் நிமிர்ந்து முள்ளைப் பார்ப்பாள் என்று என் மனைவி சொல்கிறாள். முள் இப்போது அசைவதில்லை. ஆனாலும் பார்க்கிறாளாம்.

நான் போனில் பேசியதற்கு அடுத்த வாரம் தாராபுரம் பஸ்ஸில் ஒரு கட்டு முருங்கைக்காய் வந்தது. அவள்தான் எடுத்துக்கொண்டு வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"எங்கப்பாரு உங்களுக்குன்னு குடுத்து உட்டாருங்க."

"வேண்டாம் அம்மணி. நீங்களே வெச்சுக்குங்க."

"வாங்கலீன்னா ஏன் வாங்கலைன்னு கேப்பாருங்க" என்றாள். "நான் என்னன்னு சொல்லட்டும்?"

கேட்டைத் திறந்து, கையை நீட்டி, வாங்கிக்கொண்டேன்.